காப்பிக் களத்தில் குதிரைப்படை: நிலக்காரர் சிப்பாயான கதையைச் சொல்வது எப்படி

ஆலிவர் கிராம்வெல் என்ற இங்கிலாந்து நிலக்காரர் தன் மன்னருக்கு எதிராகக் குதிரைப்படை நடத்தப் போன கதையை முதல் தடவை சொன்னபோது பத்தாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து குறட்டை கேட்டது. குறட்டை விட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து, முதலாம் சார்லஸ் மன்னர், பாராளுமன்றம், கப்பல் வரி என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிசையிலேயே ஆரம்பித்திருந்தேன். முப்பது வருடம் வரலாறு நடத்தியவளுக்கு வேறென்ன வரும்?

மறுநாள் தாண்டிக்குடியிலிருந்து வத்தலக்குண்டு போகிற பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் கூட்டத்தில் இருந்தவர்தான். மூன்று ஏக்கர் காப்பி வைத்திருக்கிறார். கொண்டை ஊசி வளைவில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி கேட்டார்: "ஏம்மா டீச்சர், அந்த ஆளு சண்டைக்குப் போயிட்டாரே, தோட்டத்தை யாரு பாத்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த வருடம் எந்தப் போர், யார் ஜெயித்தார்கள், எல்லாம் தெரியும். இது மட்டும் தெரியாது. வீட்டுக்கு வந்து அதைத் தேடப்போய்த்தான் கதை வேறு ரூபம் எடுத்தது. அதற்கப்புறம் யாரும் தூங்கியதில்லை. உங்கள் ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ வீட்டு முற்றத்திலோ உள்நாட்டுப் போர்க் கதை ஒன்றைச் சொல்ல நினைத்தால், நான் செய்கிற விதத்தை எழுதி வைக்கிறேன். ஒன்றரை மணி நேரம் போதும்.

யாரைச் சொல்வது

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் 1642இல் தொடங்கி 1651 வரை விட்டு விட்டு நடந்தது. ஆள் நிறைய. எல்லோரையும் இழுத்து வந்தால் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகம் செய்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டே பேர் போதும், ஆளுக்கொரு பக்கம்: பாராளுமன்றத்துப் பக்கம் ஆலிவர் கிராம்வெல், மன்னர் பக்கம் எட்மண்ட் வெர்னி. இரண்டு பேரும் நிலபுலன் உள்ள குடும்பத்தார்.

கிராம்வெல்லை எல்லோருக்கும் பெயரளவில் தெரியும். பள்ளியில் படித்திருப்பார்கள். படிக்காதது என்னவென்றால், 1631இல் அந்த மனுஷர் ஹண்டிங்டனில் இருந்த சொத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 1,800 பவுண்டுக்கு விற்றுவிட்டு, செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில் ஐந்து வருடம் குத்தகைக்கு நிலம் பிடித்து மாடு மேய்த்துப் பிழைத்தார். பெயருக்குத்தான் பெரிய வீட்டுப் பிள்ளை. 1636இல் தாய்மாமன் சொத்து வந்து சேர்ந்த பிறகுதான் ஈலி நகருக்குப் போய் நிமிர்ந்தார். தாய்மாமன் சொத்து என்று சொன்னதும் எங்கள் ஊர்ப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். அங்கே கொஞ்சம் நின்று போங்கள். இந்த இடத்தில் கிடைக்கிற நெருக்கத்தை அப்புறம் எந்தப் போர்க்களத்திலும் வாங்க முடியாது.

வெர்னி வேறு ரகம். பக்கிங்ஹாம்ஷயரில் கிளேடன் என்ற ஊர் அவர் குடும்பத்துடையது. அரண்மனை உத்தியோகம், மன்னரின் கொடியைத் தாங்குகிற பொறுப்பு. ஆனால் மனசு முழுக்க மன்னர் பக்கம் இல்லை. பாராளுமன்றம் கேட்பதில் நியாயம் இருக்கிறது, மன்னர் விட்டுக்கொடுத்தால் நல்லது என்று நெருங்கியவர்களிடம் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் முப்பது வருடம் போல அவர் சோற்றைத் தின்றாகிவிட்டது, இப்போது கைவிட முடியாது என்று போனார். இதை விளக்கவே வேண்டாம். செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். கர்ணனைத் தெரிந்த கூட்டத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. எங்கள் மலைக்குக் கீழே விருப்பாட்சி இருப்பதால், யாராவது ஒரு பையன் கட்டாயம் எழுந்து, "நம்ம கோபால் நாயக்கர் மாதிரியா?" என்று கேட்பான். நல்ல கேள்விதான், ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1801இல் வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்ட விருப்பாட்சி கோபால் நாயக்கர் பாளையக்காரர். பாளையம் என்றாலே படையும் சேர்ந்ததுதான். கிராம்வெல்லுக்குப் படை கிடையாது, போர்ப் பழக்கமும் கிடையாது. நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகக் குதிரைப்படை நடத்தப் புறப்பட்டவர். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால்தான் கதை நகரும்.

முதல் அரை மணி: நிலம், அறுவடை, வசூல்

வாளை எடுக்காதீர்கள். கணக்கு நோட்டை எடுங்கள்.

போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் வெர்னி ஊரில் இருந்த தன் காரியஸ்தருக்கு எழுதிய கடிதம் மிஞ்சியிருக்கிறது. சாராம்சம் இவ்வளவுதான்: வரவேண்டிய பணத்தைச் சீக்கிரம் வசூல் செய், பெரிய சண்டை நிச்சயம், அறுவடையைப் பார்த்துக்கொள். அந்தக் குடும்பத்துக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் கிளேடன் வீட்டில் அப்படியே கிடந்ததால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. நான் இதைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பேன்: நாளைக்கு நீங்கள் கிளம்ப வேண்டும், திரும்பி வருவது நிச்சயமில்லை, யாருக்கு என்ன சொல்லிவிட்டுப் போவீர்கள்? ஒரு தடவை ஒரு அம்மா சட்டென்று சொன்னார்: "மிளகுக்கு முன்பணம் வாங்கியிருக்கோம், அதை மொதல்ல சொல்லணும்." கூட்டம் சிரித்தது. அப்புறம் ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். பத்து நிமிடம் அவர்களைப் பேச விடுங்கள், குறுக்கே போகாதீர்கள்.

பஸ்ஸில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதிலும் இங்கேதான் வரும். கிராம்வெல் வீட்டில் அம்மாவும் மனைவி எலிசபெத்தும் பிள்ளைகளும் ஈலியிலேயே இருந்தார்கள். வெர்னி வீட்டுக் கதை இதைவிடச் சிக்கல். மூத்த மகன் ரால்ஃப் பாராளுமன்ற உறுப்பினர், அப்பாவுக்கு எதிர்ப்பக்கம். பிறகு 1643இல் பாராளுமன்றம் கேட்ட மத உறுதிமொழியில் கையெழுத்துப் போட மனசு வராமல் பிரான்ஸுக்குப் போய்விட்டார். நிலத்தைப் பறிமுதல் பட்டியலில் சேர்த்தார்கள். அதை மீட்க 1646 கடைசியில் பிரான்ஸிலிருந்து தனியாக லண்டன் வந்தவர் ரால்ஃபின் மனைவி மேரி. வயிற்றில் பிள்ளை. கமிட்டி கமிட்டியாக ஏறி இறங்கி, ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து, 1648 தொடக்கத்தில் பறிமுதலை விலக்க வைத்தார். இடையில் பிறந்த ஆண் குழந்தை தங்கவில்லை. 1650இல் மேரியும் பிரான்ஸிலேயே இறந்துபோனார்.

பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸ் நடந்தவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். மேரியை அவர்களுக்காகச் சொல்லுங்கள். போரில் சண்டை போட்டவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். கமிட்டி வாசலில் காத்திருந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் யாரென்று கேட்டால் மேரிதான்.

கப்பல் வரி, மத வேறுபாடு எல்லாம் இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். மன்னர் 11 வருடம் பாராளுமன்றத்தைக் கூட்டாமல் வரி வசூலித்தார், வழிபாட்டிலும் கை வைத்தார், ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் ஆள் திரட்டியது. போதும்.

கையில் எடுத்துக் காட்ட

எங்கள் தெருவில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். சொல்வதற்கு முன்னால் ஆயுதப் பகுதியை அவரிடம் ஒரு தடவை ஒப்பித்துவிடுவேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், விடாதீர்கள். நாம் கேட்கத் தெரியாத கேள்வியை அவர்கள் கேட்பார்கள். என்னிடம் மாமா கேட்ட முதல் கேள்வி: "குதிரைக்குத் தீவனம் யார் காசு?"

பதில்: வீரன் காசு. குதிரைவீரனுக்கு நாளைக்கு 2 ஷில்லிங் சம்பளம், அதிலேயே குதிரைக்கும் போட வேண்டும். காலாள் படைக்கு 8 பென்ஸ். அப்போது ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கிராம்வெல் படையில் கெட்ட வார்த்தை பேசினால் 12 பென்ஸ் அபராதம் என்று அக்காலத்துச் செய்தித்தாள் ஒன்று எழுதியது. ஒரு வசவுக்கு அரை நாள் சம்பளம் என்றதும் மாமா, "எங்க சுபேதார் சாப் அந்தப் படையில இருந்தா பட்டினிதான்" என்றார். இதை இப்போது நான் என் நகைச்சுவை மாதிரிச் சொல்லிக்கொள்கிறேன்.

ஈட்டியைக் காட்ட 16 அடி மூங்கில் ஒன்று வெட்டி வையுங்கள். அக்காலத்துக் காலாள் ஈட்டி அவ்வளவு நீளம். ஒரு பையனைக் கூப்பிட்டு அடிப்பக்கத்தைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டச் சொல்லுங்கள். நுனி கீழே தொங்கும், தோள் நடுங்கும், அரை நிமிடம் தாங்க மாட்டான். அப்படியே வலது பக்கம் திரும்பச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் திரும்பினால்தான் அது ஆயுதம், தனியாளிடம் வெறும் கழி. மின்கம்பி போகிற இடமாக இருந்தால் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

துப்பாக்கிக்கு எதுவும் வாங்க வேண்டாம். பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்க ஒரு கயிறு தொங்குமே, நுனியில் நெருப்புக் கனிந்துகொண்டு, அதுதான் அந்தக் காலத்துத் துப்பாக்கித் திரி. விசையை இழுத்தால் கனிகிற திரி போய் மருந்தைத் தொடும். மழையில் நனைந்தால் திரி அணைந்துவிடும், சண்டையும் நின்றுவிடும். எங்கள் ஊர் மூடுபனியில் அதை எத்தனை நேரம் கனிய வைக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள்.

களத்தில் போரை நடத்துவது

இதுதான் விருந்து. காப்பிக் களத்தின் ஒரு ஓரம் போதும். சிமெண்ட் தரை நல்லது, மணி உருளாமல் நிற்கும். ஒரு படைக்கு வெளுத்த பார்ச்மெண்ட் காப்பி, அதாவது உள்தோலோடு காய்ந்த கொட்டை, இன்னொரு படைக்குக் கருத்த மிளகு.

முதலில் ஒரு சங்கதி. முதல் தடவை நான் இதைச் செய்தபோது சண்டை மும்முரத்தில் காப்பியும் மிளகும் கலந்து, பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த குவியலுக்குள்ளும் போய்விட்டது. பொழுது சாயும் வரை நானும் நாலு பிள்ளைகளும் உட்கார்ந்து பொறுக்கினோம். என் மாமியார் அன்றைக்குப் பேசியதற்குக் கிராம்வெல் கணக்கில் அபராதம் போட்டிருந்தால் ஒரு படைக்கே சம்பளம் கொடுத்திருக்கலாம். ஆகவே சுற்றிலும் ஒரு சாக்கை விரித்து வையுங்கள். மணிகளை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள்.

எட்ஜ்ஹில்லில் தொடங்குங்கள், 1642 அக்டோபர் 23. இரண்டு பக்கமும் நடுவில் காலாள், இரு ஓரத்திலும் குதிரை. மன்னர் பக்கம், அதாவது மிளகு, வலது ஓரத்தில் இளவரசர் ரூபர்ட். அந்த ஓரத்து மிளகைக் கையால் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். எதிரே நின்ற காப்பி சிதறி ஓடும். மிளகு அதைத் துரத்திக்கொண்டே களத்தைத் தாண்டி, சாக்கு விளிம்பு வரை போகட்டும். கைன்டன் கிராமத்தில் நின்ற சாமான் வண்டிகளைக் கொள்ளையடிக்கப் போய்விட்டார்கள். இப்போது பிள்ளைகளிடம் நடுவைக் காட்டுங்கள். மன்னரின் காலாள் தனியாக நிற்கிறது, காப்பாற்றக் குதிரை இல்லை. ஜெயித்த குதிரைப்படை திரும்பி வருவதற்குள் நடுவில் பாதி முடிந்துவிட்டது.

அந்த நடுவில்தான் வெர்னி நின்றார். அன்றைக்கு அவர் கவசமும் போடவில்லை, தோல் அங்கியும் போடவில்லை. கொடியோடு நின்று அங்கேயே விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. கொடிக்கம்பைப் பிடித்தபடி வெட்டுண்ட கை மட்டும் கிடைத்தது, மன்னர் கொடுத்த மோதிரத்தை வைத்து அடையாளம் கண்டார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. கதை என்றே சொல்லுங்கள், நடந்தது என்று அடித்துச் சொல்லாதீர்கள். அறுவடையைப் பார்த்துக்கொள் என்று எழுதினவர் என்பதை மட்டும் நினைவுபடுத்தினால் போதும். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

கிராம்வெல் அந்தப் போருக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவர். ஆகஸ்டில் 60 குதிரைவீரர்களைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டவர், ரூபர்ட்டின் ஆட்கள் அடித்த அடியைப் பார்த்துவிட்டு, நம் பக்கம் கூலிக்கு வந்தவர்கள் இருக்கும் வரை இது ஆகாது என்று முடிவுகட்டினார். யாரைத் தேடினார் தெரியுமா? சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடியானவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும். பேருக்கு மட்டும் பெரிய மனிதனாக இருப்பவனைவிட, எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று தெரிந்த, முரட்டுத்துணி போட்ட சாதாரணத் தளபதி தனக்கு மேல் என்று 1643இல் எழுதினார். மூன்று ஏக்கர்க்காரர் முதல் வரிசையில் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லுங்கள்.

அடுத்து மார்ஸ்டன் மூர், 1644 ஜூலை 2. ஒரு மணிக்கு நூறு பேர் என்று கணக்கு. மன்னர் பக்கம் ஏறத்தாழ 18,000 பேர், 180 மிளகு. பாராளுமன்றமும் ஸ்காட்லாந்துக்காரர்களும் சேர்ந்து ஏறத்தாழ 28,000, 280 காப்பி. பொழுது சாய்ந்து, மழையும் இடியும் சேர்ந்த நேரம் தொடங்கியது. இந்தத் தடவை இடது ஓரத்தில் இருக்கிற காப்பியை, அதாவது கிராம்வெல்லின் குதிரைப்படையை, தள்ளுங்கள். ரூபர்ட்டின் மிளகு ஓடும். பிள்ளைகள், "துரத்துங்க, துரத்துங்க" என்று கத்துவார்கள். கையை எடுத்துவிடுங்கள். துரத்தக் கூடாது. மணிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூட்டி வரிசை கட்டுங்கள், அவசரப்படாமல். பிள்ளைகளுக்குப் பொறுமை போகும், போகட்டும். வரிசை கட்டி முடித்த பிறகு அப்படியே களத்தைச் சுற்றிக்கொண்டு போய், எதிர் ஓரத்தில் தோற்றுக்கொண்டிருந்த தன் பக்கத்துக்குக் கைகொடுங்கள். ஜெயித்த பிறகு நிற்கத் தெரிந்ததுதான் வித்தை. ஹவில்தார் மாமா இந்த இடத்தில் எப்போதும் தலையாட்டுவார்.

உடனே ஆரவாரம் வரும். அடங்கும் வரை இருந்துவிட்டு, கடிதத்தைச் சொல்லுங்கள்.

போர் முடிந்த மூன்றாம் நாள் கிராம்வெல் தன் தங்கையின் கணவர் வாலண்டைன் வால்டனுக்கு எழுதினார். முதல் பாதி வெற்றி, கடவுளுக்கு நன்றி. அப்புறம் ஒரே தாவலாக: உங்கள் மூத்த மகனைக் கடவுள் எடுத்துக்கொண்டார், பீரங்கிக் குண்டில் கால் முறிந்தது, காலை எடுக்க வேண்டி வந்தது, அதில் இறந்துவிட்டான். தங்கை மகன், முறைக்கு மருமகன். எனக்கும் இந்தத் துயரம் தெரியும் என்று ஒரு வரி வரும். அதே வருடம் வசந்தத்தில் அவருடைய சொந்த மகன் ஆலிவர் படையில் இருந்தபோது அம்மையில் போய்விட்டான். அதற்கு ஐந்து வருடம் முன்பு மூத்தவன் ராபர்ட்டும் அம்மையில்தான் போனான்.

இதைக் குரல் ஏற்றி இறக்கிச் சொல்லாதீர்கள். சும்மா படிக்கிற மாதிரிச் சொன்னால் போதும். ஒரு தடவை மாமா மெதுவாகச் சொன்னார்: "எங்க காலத்துல தந்தி வரும். ரெண்டே வரி."

கடைசி இருபது நிமிடம்

நேஸ்பியை, 1645 ஜூன் 14ஐ, இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடலாம். ரூபர்ட் அங்கேயும் துரத்திப் போய்த் திரும்ப நேரமாக்கினார் என்று சொன்னால் பிள்ளைகளே மீதியைச் சொல்லிவிடுவார்கள். 1649 ஜனவரி 30 மன்னரின் தலை வெட்டப்பட்டது. மரண ஆணையில் 59 கையெழுத்து, மூன்றாவது கிராம்வெல்லுடையது.

இங்கேயே நிறுத்திவிடச் சபலம் தட்டும். செய்யாதீர்கள். அதே 1649 செப்டம்பரில் அயர்லாந்தின் ட்ரொகெடா நகரம் விழுந்தபோது, ஆயுதம் ஏந்திய யாரையும் விட வேண்டாம் என்று உத்தரவிட்டவர் இதே கிராம்வெல். காவல் படையோடு பாதிரியார்களும் ஊர்க்காரர்களும் செத்தார்கள். மன்னர் படையில் இருந்த எட்மண்ட் வெர்னியின் இன்னொரு மகன், அப்பா பெயரே வைத்தவன், அங்கே கொல்லப்பட்டான். மகனையும் மருமகனையும் தூக்கிக் கொடுத்தவர் இதைச் செய்தார் என்பதைக் கூட்டி மெழுகாமல் சொல்லுங்கள். "அப்போ அவரு நல்லவரா கெட்டவரா டீச்சர்?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிவிடுவேன், அது தப்பித்தல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நிலத்தை விட்டுவிடாதீர்கள், அதில்தானே ஆரம்பித்தோம். சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போனது. காசுக்குப் பதில் கடன்சீட்டு கொடுத்தார்கள், அதைக் காட்டி மன்னருடைய நிலத்தில் பங்கு வாங்கலாம். கைக்குச் சோறு இல்லாத சிப்பாய் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? நிறையப் பேர் வந்த விலைக்கு விற்றார்கள். வாங்கிச் சேர்த்தவர்களில் அதிகாரிகள் நிறைய. எங்கள் கூட்டத்தில் இதற்கு யாரும் ஆச்சரியப்பட்டதே இல்லை.

ரால்ஃப் வெர்னி 1653இல் மேரி இல்லாமல் கிளேடனுக்குத் திரும்பினார். கிராம்வெல் அதே வருடம் டிசம்பரில் நாட்டின் தலைவராகி, 1658 செப்டம்பர் 3இல் படுக்கையில் இறந்தார். முடியாட்சி திரும்பிய பிறகு 1661இல் உடலைத் தோண்டி எடுத்துத் தூக்கில் தொங்கவிட்டுத் தலையை வெட்டிக் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். இந்த இடத்துக்காகவே சில பையன்கள் காத்திருப்பார்கள். அந்தத் தலை எங்கெங்கோ சுற்றிவிட்டு 1960இல்தான் கேம்பிரிட்ஜில் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் புதைக்கப்பட்டது. அப்பா இறந்ததால் ஒரு வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு அவர் ஊருக்குத் திரும்பினாரே, அந்தக் கல்லூரி.

அப்புறம் எல்லோருக்கும் காப்பி கொடுங்கள். பிள்ளைகளை விட்டு மணிகளை எண்ண வையுங்கள். போன தடவை காப்பி 280ம் சரியாக இருந்தது, மிளகில் 3 குறைந்தது. சாக்கை உதறிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.